உங்கள் பெட்டி மூன்றாம் அறைக்குப் போன காரணம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

எனக்குச் சம்பந்தி ஆகவிருந்தவரும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் ஆகக்கூடும் என்று நான் நம்பிக்கொண்டிருப்பவருமான வந்தவாசி திரு. வீரேந்திரன் அவர்களுக்கு, குணபாலன் இரு கை கூப்பி எழுதுவது. ஜெய் ஜினேந்திரா. இங்கு நானும் என் மனைவி தர்மவதியும் உடல்நலத்தோடு இருக்கிறோம்; மனநலம் எப்படி என்பது போகப்போகத் தங்களுக்கே விளங்கும். அங்கு தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், அவருடைய முழங்காலும் சுகமாக இருக்க அருகக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், என் மகள் அனுபமாவுக்கும் தங்கள் மகன் ஜினேஷுக்கும் நிச்சயதார்த்த நாள் குறிப்பதற்காகத் தாங்கள் எங்கள் ஊருக்கு வந்தீர்கள். வீட்டில் பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்ததால், செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பின்பக்கம் நான் நடத்தும் ஏழு அறை கெஸ்ட் ஹவுஸில் தங்களைத் தங்க வைத்தேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டீர்கள். நாள் குறிக்கும் பேச்சைத் தாங்கள் எடுக்கவே இல்லை. படியிறங்கும்போது "போறேன்" என்று சொன்னீர்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. பதினாறு நாளாக அந்த 'வரேன்' எங்கே போயிற்று என்று நானும் தர்மவதியும் தேடிக்கொண்டிருக்கிறோம். அனுபமா சென்னையிலிருந்து தினமும் போன் செய்கிறாள், என்னிடம் "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. ஆகவே அந்த இரண்டு நாளில் நடந்தது எதுவும் வேண்டுமென்று செய்ததல்ல, எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அரே என்பதற்கும் ஆப்ஜெக்ட் என்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சரியாகப் பிடிபடாததால் வந்தது என்பதைத் தங்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறேன். இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எனக்கே புரிந்திருக்கிறது, தங்களுக்கு நிச்சயம் புரியும்.

ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கெஸ்ட் ஹவுஸில் எந்த அறையில் யார் என்பதைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. தீபாவளிக்கு வந்த அனுபமா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அப்பா, இதையெல்லாம் பத்து வரில எழுதிடலாம். நீங்களே எழுதலாம், நான் சொல்லித் தரேன்" என்றாள். அதிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோ காலில் பாடம். முதல் பாடம் அரே. சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காற்புள்ளி வைத்து எழுதினால் அது அரே. அதில் நிற்பவருக்கு இடம்தான் அடையாளம், வேறு அடையாளம் கிடையாது. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக நிற்பவர் யார் என்று கேட்டால் சொல்லிவிடலாம். ஆனால் நடுவிலிருந்து ஒருவர் போய்விட்டால் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஓர் அடி முன்னால் வந்துவிடுவார்கள், நேற்றுவரை நாலாவதாக நின்றவர் இன்று மூன்றாவது ஆகிவிடுவார். நான் வீட்டில் நடந்துகொண்டே "அரே, அரே" என்று மனப்பாடம் செய்ததைக் கேட்ட தர்மவதி, நான் இந்தி படிக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டம்மா ஒரு இந்திக் காலண்டர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

அரேயில் இன்னொரு சங்கடம், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் அறையில் யார் என்று பார்க்க ஒன்று என்று போட்டால், இரண்டாம் அறைக்காரர் பெயர் வருகிறது. "ஒவ்வொரு தடவையும் ஒன்னு கழிச்சுக்கங்கப்பா" என்றாள் அனுபமா. கழிக்கிற இடத்தில்தான் தப்பு வரும் என்பது பதிவறையில் நான் கண்ட பாடம். ஆகவே வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த முருகையனைக் கூட்டிப்போய், ஒன்று முதல் ஏழு வரை இருந்த கதவு எண்களைப் பூஜ்யம் முதல் ஆறு வரை என்று மாற்றி எழுதச் சொன்னேன்.

"சார், சைபர்னு எழுதினா அங்க ரூமே இல்லன்னு ஆயிடாதா?" என்று கேட்டார் முருகையன்.

"கம்ப்யூட்டருக்கு அதுதான் முதல் ரூம்."

"கம்ப்யூட்டரா சார் வந்து தங்கப் போவுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பூஜ்யம் என்று எழுதிய அன்றே அந்த அறைக்கு மார்கோ என்ற இத்தாலிக்காரர் வந்தார். கதவைப் பார்த்தவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். உலகமெல்லாம் சுற்றிப் பன்னிரண்டு வருடமாகத் தான் தேடிக்கொண்டிருந்த இடம் இதுதான் என்றார். இரண்டு நாளைக்கு வந்தவர் இன்னும் காலி செய்யவில்லை. இதனால் எனக்கு ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். தங்களுக்கு நாலாம் அறை. அரேயிலும் நாலாம் இடம். அந்தப் பட்டியல் கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் ஒரு டேப்லெட்டில் தெரியும். அங்கே எல்லா வேலையும் பார்ப்பவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வரும் கன்னியம்மாள். கரும்பலகைக் காலத்தில் அவர் என் கையெழுத்தைத் தன் இஷ்டத்துக்குப் படித்துக்கொள்வார் என்பதால், டேப்லெட் வந்த அன்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்: அதில் எந்த எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறதோ அவர் சாமான் அந்த அறையில் இருக்க வேண்டும், என்னைக்கூடக் கேட்கக் கூடாது. காலை பத்தரைக்கு இரண்டாம் அறையிலிருந்த பெங்களூர்க்காரர் காலி செய்துவிட்டுப் போனார். நான் அப்போது ஐந்து கிலோமீட்டர் தள்ளி வேங்கிக்காலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே போனில், ஸ்ப்ளைஸ் என்று நானே எழுதி வைத்திருந்த பொத்தானை அழுத்தினேன். அரேயின் நடுவிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிடும் கட்டளை அது. எடுத்துவிட்டது. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் முன்னால் வந்துவிட்டார்கள். மூன்றில் இருந்த, விஜயவாடாவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ராவ் இரண்டுக்கு. நாலில் இருந்த தாங்கள் மூன்றுக்கு. ஐந்தில் இருந்த ஜெர்மன்காரி ஹெல்கா நாலுக்கு. கன்னியம்மாள் டேப்லெட்டைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் தாங்கள் நாலாம் அறைக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தீர்கள். தங்கள் பெட்டியும், கட்டிலில் எடுத்து வைத்திருந்த வேட்டி சட்டையும் மூன்றாம் அறைக்குப் போய்விட்டன. மாடியிலிருந்து இறங்கிய ஹெல்காவிடம், இனி உங்கள் அறை நாலு என்று கன்னியம்மாள் சைகையில் சொல்ல, அவள் எதையும் மறுக்காத நிலையை அடைந்தவள் என்பதால் உள்ளே போய்ப் பாயை விரித்துத் தலைகீழாக நின்றுவிட்டாள். தாங்கள் துண்டோடு வெளியே வந்தபோது என்ன நடந்தது என்பதை நான் விவரிப்பது மரியாதையல்ல. ஹெல்கா சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரமான இரண்டு பாதங்கள் தன்னைக் கடந்து வேகமாகப் போனதை மட்டுமே பார்த்தாளாம். அன்று காலை தனக்குப் பாத தரிசனம் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடையில் தங்களைப் பார்த்த கன்னியம்மாள், "ஐயா, உங்க ரூம் மூணுங்க. இது அந்தம்மா ரூமு" என்று சொன்னதாகவும் பிறகு தெரிந்தது.

நான் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது தாங்கள் மூன்றாம் அறையில், கழுத்துவரை பித்தான் போட்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தீர்கள். நம் பேச்சு எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

"ரூம் வசதியா இருக்குங்களா?"

"இருக்குங்க."

"ஃபேன் காத்து போதுங்களா?"

"ஜாஸ்தியாவே வருதுங்க."

அதற்கு மேல் தாங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசி அறை காலியாக இருக்கிறது, அங்கே அமைதியாக இருக்கும் என்று சொல்லித் தங்களை ஆறாம் அறைக்கு மாற்றினேன். தாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தீர்கள். அந்தப் பார்வையில் இருந்த கோபத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அனுபமாவுக்குப் போன் செய்தேன். "ஸ்ப்ளைஸ் பண்ணீங்களா?" என்றாள்.

"பண்ணேன்."

"எல்லாரும் ஒரு இடம் நகர்ந்துட்டாங்களா?"

"பெட்டியோட நகர்ந்துட்டாங்க. உன் மாமனாரு குளிச்சிட்டிருந்தாரு."

பிறகு, அவள் ஆபீஸில் அழுதுவிடக் கூடாதே என்று மிகவும் நிதானமாக எனக்கு ஆப்ஜெக்டைச் சொல்லிக்கொடுத்தாள். நெளிந்த அடைப்புக்குறி போட வேண்டும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச் சீட்டு, அதற்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி, பிறகு அதற்கு உரிய சரக்கு. பெயர்ச் சீட்டுக்குக் கீ என்று பெயர். சமையலறை அலமாரியில் 'துவரம்பருப்பு' என்று சீட்டு ஒட்டிய டப்பாவைப் போல. அதை எந்தத் தட்டில் வைத்தாலும் சீட்டைப் பார்த்து எடுக்கலாம். பக்கத்து டப்பாவைத் தூக்கிப் போட்டாலும் துவரம்பருப்பு நகர்ந்து போய் உளுந்து ஆகிவிடாது. "வரிசை முக்கியம்னா அரே, பேரு முக்கியம்னா ஆப்ஜெக்ட். அவ்ளோதாம்பா" என்றாள். நான் உடனே விருந்தாளியின் பெயரையே சீட்டாக ஒட்டி எழுதினேன்:

அறை = { "மார்கோ": 0, "சாந்தி": 1, "ராவ்": 2, "ஹெல்கா": 4, "சாந்தி": 5, "வீரேந்திரன்": 6 }

தங்கள் பெயரை இரண்டு தடவை சரிபார்த்தேன். அந்த அவசரத்தில் சாந்திகளைக் கவனிக்கவில்லை. ஒரு சாந்தி ஆஸ்திரேலியா, இன்னொரு சாந்தி போலந்து. இரண்டு பேருக்கும் இந்த ஊருக்கு வந்த பிறகு வைத்த பெயர்தான். ஆப்ஜெக்டில் ஒரே சீட்டு இரண்டு டப்பாவுக்கு இருக்கக் கூடாதாம். இருந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும், தகவல்கூடச் சொல்லாது. வெள்ளிக்கிழமை காலை, ஒன்றாம் அறை ஆஸ்திரேலியச் சாந்தி இட்லிக்கு வந்து நின்றபோது கன்னியம்மாள் டேப்லெட்டைக் காட்டி, "நீங்க இதுல இல்லம்மா" என்றார். ஆசிரியர் ராவ் அதை ஆங்கிலத்தில் சொன்னார். 'நீ இல்லை' என்று அவர் சொன்ன விதத்தில் அது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். சாந்தி கண்ணீர் வடிய கன்னியம்மாளைக் கட்டிக்கொண்டு, ஆறு மாதமாகத் தியானம் செய்தும் கிடைக்காதது இன்று சமையலறை வாசலில் கிடைத்தது என்றாளாம். மதியம்வரை சாப்பிடவும் இல்லை.

அதே காலையில் தர்மவதி, "எத்தினி பேருக்கு மாவு ஆட்டறது, கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அரேயாக இருந்தால் அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லிவிடும். ஆப்ஜெக்டுக்கு நீளம் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. கேட்டேன். 'வரையறுக்கப்படவில்லை' என்று பொருள்படும் ஒரு சொல் வந்தது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். "அவ்ளோ பேருக்கு ஆட்டற கிரைண்டர் நம்ம வீட்ல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுபடி அனுபமா. "ஒரே பேரு ரெண்டு பேருக்கு வரும்பா. ரூம் நம்பரை கீயா வைங்க, அது ஒன்னுக்கு ஒன்னுதான் இருக்கும்" என்றாள். வைத்தேன். எல்லாம் சரியாயிற்று. ஆறு என்று கேட்டால் வீரேந்திரன் என்றது. யார் காலி செய்தாலும் தாங்கள் ஆறிலேயே இருந்தீர்கள். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளி மதியம் எனக்கு ஆப்ஜெக்டின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. இராச்சாப்பாட்டுப் பட்டியலையும் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டேன், அதற்கும் அறை எண்தான் சீட்டு.

தாங்கள் சூரியன் மறைந்த பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர் என்பது எனக்குத் தெரியாததா? நானும் அதே சமண வழியில் வந்தவன்தானே. அதனால்தான் நாலரை மணிக்கே தங்களிடம் வந்து, "சாயங்காலம் என்னங்க வேணும்?" என்று கேட்டேன். "ஏதோ ரெண்டு இட்லி" என்றீர்கள். தங்கள் பெயரை எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாகப் பதிவு செய்தேன். மற்றவர்கள் ஐந்து மணிக்கு மேல்தான் சொன்னார்கள். சம்பந்தி, இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். ஆப்ஜெக்டில் சீட்டு எண்ணாக இருந்தால், நாம் எந்த வரிசையில் போட்டாலும் அது சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குத் தானாக அடுக்கிக்கொள்ளும். யார் முதலில் சொன்னார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நாலரை மணிக்குச் சொன்ன ஆறாம் அறை கடைசியில் போய் நின்றது. ஐந்தே முக்காலுக்குச் சொன்ன பூஜ்யம் அறை முதலில் வந்து நின்றது. மார்கோ ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டார். அடுத்து ஒன்று, இரண்டு என்று கன்னியம்மாள் பட்டியல்படி போட்டுக்கொண்டே வந்தார். நான் ஓடிவந்து, "முதல்ல ஆறாம் ரூமுக்கு வைம்மா" என்றால், "என்னைக்கூடக் கேக்காதன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்கிறார். தங்கள் முன் இலை வந்தபோது மணி ஆறு இருபது. தாங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். இட்லியைப் பார்த்தீர்கள். கை கூப்பிவிட்டு எழுந்து போனீர்கள். மறுநாள் காலை "போறேன்" என்றீர்கள்.

வரிசை முக்கியமான சாப்பாட்டுக்கு அரே வைத்திருக்க வேண்டும், ஆள் முக்கியமான அறைக்கு ஆப்ஜெக்ட் வைத்திருக்க வேண்டும். நான் இரண்டையும் மாற்றி வைத்தேன். அரேயும் ஆப்ஜெக்டும் முற்றிலும் வேறு வேறு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து படித்து இப்போது உறுதியாகத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு இதில் ஒரு குற்றமும் கிடையாது. அவள் சொல்லிக்கொடுத்தது சரி, நான் செய்ததுதான் தப்பு. இரண்டு நாளில் ஒரு பெரிய மனிதரைத் துண்டோடு நடையில் நிறுத்தி, பட்டினியும் போட்ட வீட்டில் பெண் எடுப்பதா என்று தாங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் நம்மிடம் வந்து சொன்னவர்கள். என் முட்டாள்தனத்தை அவர்கள் தலையில் கட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்குத் தர்மவதியின் அன்பைச் சொல்லவும். ஜினேஷுக்கு, தாங்கள் அனுமதித்தால், எங்கள் ஆசிகள். எல்லா உயிரும் இன்புற்றிருக்க, அவற்றுள் நானும் ஒன்று என்பதை மனதில் கொள்ளவும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
குணபாலன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அனுபமா சென்னையிலிருந்து வந்தாள். கூடவே தங்கள் மகன் ஜினேஷும் வந்திருக்கிறார். இருவரும் மேலே உள்ளதை முழுக்கப் படித்தார்கள். அனுபமா லேப்டாப்பைத் திறந்து, ஒரு அரேயை எழுதி, இது என்ன வகை என்று ஜாவாஸ்கிரிப்ட்டையே கேட்டாள். 'ஆப்ஜெக்ட்' என்று பதில் வந்தது. "அரேயும் ஒரு ஆப்ஜெக்ட்தாம்பா. ஜீரோ, ஒன்னு, ரெண்டுங்கறதுதான் அதோட கீ" என்றாள். ஆகவே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று நான் எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

இது இப்படியென்றால், ஜினேஷ் சொன்னது இதைவிடப் பெரிது. தாங்கள் கோபமாகவே இல்லையாம். குளித்துவிட்டுத் தெரியாமல் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் அறைக்குள் புகுந்துவிட்டதாகத் தாங்களே நினைத்துக்கொண்டு, கன்னியம்மாளும் அதையே சொல்லிவிட்டதால், இனி எந்த முகத்தோடு சம்பந்தம் பேசுவது என்று பதினாறு நாளாக வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிறீர்களாம். ஆறாம் அறைக்கு மாற்றியதை, தங்களைத் தள்ளி வைத்ததாக எடுத்துக்கொண்டீர்களாம். வெள்ளிக்கிழமை மாலை பிராயச்சித்தமாகப் பட்டினி கிடப்பது என்று முடிவு செய்து, வேண்டாம் என்றால் நாங்கள் வருத்தப்படுவோமே என்று இரண்டு இட்லி சொல்லிவிட்டு, இலை வருவதற்குள் சூரியன் மறைந்துவிட வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தீர்களாம். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத எங்களைப் பெருந்தன்மையானவர்கள் என்று ஜினேஷிடம் சொன்னீர்களாம்.

"அப்ப இந்த லெட்டரை எதுக்கு அனுப்பணும்? கிழிச்சிப் போட்டுட்டுத் தேதி குறிங்க" என்கிறாள் தர்மவதி. அது சரியென்று எனக்குப் படவில்லை. துண்டோடு நின்றதற்குத் தாங்கள் ஒரு நாள்கூட வெட்கப்பட வேண்டியதில்லை. அதனால் இதை அப்படியே அனுப்புகிறேன். எங்கள்மேல் கோபப்படத் தங்களுக்கு இப்போதுதான் நியாயமான காரணம் கிடைத்திருக்கிறது. திருப்தியாகக் கோபப்பட்டு முடித்ததும் ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.